பஸ் பாட்டின் வேகம்

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் ஓய்வு நாள். எனக்கு அன்றைக்குத்தான் தலைவலி. வாரம் முழுக்க ரேடியோ தொழிற்சாலையில் குனிந்த தலை நிமிராமல் ஈயம் பற்றவைத்துவிட்டு, ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்து சிங்கப்பூரின் பிடோக் பகுதியில் இருந்த எங்கள் மூவறை வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் டிரம் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒரு பெட்டியின் மேல் டிரம்ஸ்காரர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். “அக்கா, நான் பசியாறிட்டேன், ஒண்ணும் வேணாம்” என்பார். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் நான்கு தோசை சாப்பிடுவார்.

அவர் சீனர். சிராங்கூன் சாலைக்குப் பின்னாலிருந்த சந்து ஒன்றில் தமிழ்க் குடும்பங்களோடு வளர்ந்தவர், அதனால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். பேஸ் கிட்டார் வாசிப்பவர் டாக்சி ஓட்டினார். என் கணவரைவிட வயதில் சிறியவர், என்னை அண்ணி என்பார். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், வீட்டில் ஸ்டீல் கிட்டார் வாசித்தார். நான்கு கால் வைத்த பலகை ஒன்றில் கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கும். இடது கையில் பிடித்த இரும்புத் துண்டை அவற்றின் மேல் நகர்த்தினால், யாரோ அழுகிற மாதிரி ஓர் ஓசை கிளம்பும். எப்போதாவது கேட்கிறவர்களுக்கு அது இனிமையாகத்தான் இருக்கும். தினமும் துணி மடித்துக்கொண்டே கேட்டவள் நான்.

இந்த மூன்று பேரும் ஒரு பாடகருக்குப் பின்னால் நின்று வாசித்தவர்கள். அவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அங்கிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கிளப்பில் விளையாட்டாகப் பாடத் தொடங்கி, பிறகு அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகள். குதிரை, ரயில், ஓடிப்போன மனைவி என்று இருக்கும். நம் ஆட்கள் கௌபாய் பாட்டு என்பார்கள். தமிழர் ஒருவர் அகலத் தொப்பியும் நீள பூட்சும் போட்டுக்கொண்டு மேடையேறினால் முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். வாயைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிடும். அப்படி ஒரு குரல். சிப்பாய்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போன பிறகும் அவருக்கு மவுசு குறையவில்லை. ஹோட்டல், லவுஞ்ச், கல்யாண விருந்து என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரே ஒரு பாட்டு எழுதி அது சின்ன இசைத்தட்டாகவும் வந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணுக்காகக் காத்திருப்பவன் பாடுவது. ஆங்கிலப் பாட்டு, நடுவில் ஒரு கண்ணி மட்டும் தமிழ். எங்கே போனாலும் “பஸ் பாட்டு, பஸ் பாட்டு” என்று கத்துவார்கள்.

எழுபதுகளின் நடுவில், ஐம்பது வயது முடியும் முன்பே, இருதயக் கோளாறில் அவர் போய்விட்டார். எல்லாரும் அழுதோம். நானும்தான். அழுது முடித்த பிறகு, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை நமக்கென்று இருக்கும் என்று ஒரு நினைப்பும் வந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

ஆனால் தொலைபேசி ஓயவில்லை. அவர் இல்லாவிட்டால் என்ன, அவருடைய பேண்ட் இருக்கிறதே, அந்த சவுண்ட் வேண்டும் என்றார்கள். சாங்கி பக்கம் லவுஞ்ச் வைத்திருந்த ஒருவர் சனிக்கிழமைகளை இவர்களுக்கே ஒதுக்கிக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். பாடகர் போட்ட மாதிரியே சட்டை போட வேண்டுமாம். சிராங்கூன் சாலைத் தையல்காரரிடம் மூன்று சட்டை தைக்கக் கொடுத்தார்கள். நாடகமா என்று அவர் கேட்டாராம். தோளிலிருந்து கை வரைக்கும் குஞ்சம் தொங்கும் சட்டைகள். ஒவ்வொரு குஞ்சமாக நீவி இஸ்திரி போட்டவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. டாக்சிக்காரருக்குக் கல்யாணம் ஆகவில்லை, டிரம்ஸ்காரர் மனைவி அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். புத்திசாலி.

சட்டை தயாரானது. பாடத்தான் ஆளில்லை. ஆள் தேடும் படலம் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது.

முதலில் எங்கள் கோயில் பாடகர் குழுவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அருமையான குரல். பாடி முடித்ததும் மூன்று பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

“ரொம்ப சுத்தமா பாடறாரு” என்றார் என் கணவர்.

“சுத்தமா பாடினா தப்பா?” என்று அடுப்படியிலிருந்து கேட்டேன்.

“அவரு அப்படிப் பாடமாட்டாரு.”

அடுத்தவர் ஒரு கப்பல் கம்பெனி கிளார்க். நன்றாகத்தான் பாடினார். ஆனால் சுருதியை ஒரு படி ஏற்றி வாசிக்கச் சொன்னார். ஏற்றினால் என்ன குடிமுழுகிப் போகும்? முடியவே முடியாது என்றுவிட்டார்கள். இறந்துபோனவர் எந்தச் சுருதியில் பாடினாரோ அந்தச் சுருதியில்தான் வாசிப்பார்களாம். அந்த மனிதர் தேநீரைக்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

மூன்றாவதாக வந்தவரை என்னால் மறக்க முடியாது. மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்தார், குட்டையான, வழுக்கைத் தலை ஆள். வாயைத் திறந்தார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அதே குரல். அதே இழுப்பு, வார்த்தையின் முடிவில் அதே கரகரப்பு. கண்ணை மூடினால் செத்துப்போனவர் கூடத்தில் நிற்கிறார். அப்பாடா, ஒருவழியாக ஆள் கிடைத்துவிட்டார் என்று நான் கூடத்தை எட்டிப் பார்த்தால், என் கணவர் இரும்புத் துண்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். டாக்சிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறார். டிரம்ஸ்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவரை அனுப்பிவிட்டு வந்த கணவரிடம், “இவருக்கு என்னங்க குறை?” என்றேன்.

“இது வேணாம். அவரு மாதிரியே இருக்கு.”

“அவரு மாதிரிதானே தேடறீங்க?”

“அவரு மாதிரி வேணும். அவராவே இருந்தா எப்படிம்மா வாசிக்கறது?”

சோறு பொங்கிவிட்டது, போய் அடுப்பை அணைத்தேன்.

கடைசியில் பாடகரே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அவருடைய குரலை ஸ்டீல் கிட்டார் வாசிக்கும். கேட்பவர்கள் வார்த்தைகளை மனசுக்குள் போட்டுக்கொள்ளட்டும். சொல்லக் கேட்டால் அழகாகத்தான் இருக்கிறது. அதற்காக என் கணவர் வாரநாட்களிலும் உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவார், கம்பியின் முன்னால் உட்காருவார். ஒரே வரி. அந்த வரியில் ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையின் வால். மூத்த மகள் பரீட்சைக்குப் படிக்கக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். கீழ்வீட்டு மலாய் அம்மாள் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பாள். அது எங்கள் தரை. மறுநாள் லிஃப்டில் பார்த்தால் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் கிரேன் மேல் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த நிறுத்தத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பஸ் பாட்டில் கடைசி பஸ்ஸும் போய்விட்டது என்று ஒரு வரி வரும். அந்த வரி முடிந்ததும் பாடகர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். அவருடைய கடைசி வருடத்தில் அப்படித்தான் பாடினார். பாட்டே அப்போது மெதுவாகிவிட்டிருந்தது. அந்த நிறுத்தத்தில் லவுஞ்ச் முழுக்க அமைதியாகிவிடுமாம். என்ன ஒரு உணர்ச்சி, என்ன ஒரு ஸ்டைல் என்று இவர்கள் மூவரும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். இப்போது என் கணவர் அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கிவிடுவார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வருடம் போகப் போக அந்த நிறுத்தம் நீண்டுகொண்டே போனது. பாட்டும் இன்னும் இன்னும் மெதுவாகியது. அதற்குள் நான் ஒரு வெங்காயத்தை நறுக்கி முடித்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தைப் பற்றியே சண்டை வந்தது. டாக்சிக்காரர் சீக்கிரம் எடுத்துவிட்டாராம்.

“அங்க அவரு இன்னும் கொஞ்சம் வெயிட் பண்ணுவாரு” என்றார் என் கணவர். “நீ அவசரப்படற. அந்த இடத்துல அவரு எவ்ளோ யோசிச்சு நிறுத்தினாரு தெரியுமா?”

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. மாவுக் கையோடு கூடத்துக்கு வந்துவிட்டேன்.

“ஒண்ணும் யோசிக்கல. அவருக்கு அங்க மூச்சு வாங்கிச்சு” என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் மாடிக்கு வர வேண்டுமென்றால் இறங்கிய இடத்திலிருந்து படியேற வேண்டும். பாடகர் தன் கடைசி வருடத்தில் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிடுவார். நேராக அடுப்படிக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சுடுதண்ணீர் கேட்பார். பேசவே முடியாது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடும். மற்றவர்கள் வருவதற்குள் மூச்சு சமமாகிவிடும். “தங்கச்சி, இவனுங்ககிட்ட சொல்லிடாதம்மா” என்றார் ஒருநாள். “ஆஸ்பத்திரிக்கு ஒழுங்கா போய்க்கிட்டுதான் இருக்கேன். என் சம்சாரத்துக்கு எல்லாம் தெரியும். இவனுங்களுக்குத் தெரிஞ்சா பயந்து பயந்து வாசிப்பானுங்க.” பிறகு சிரித்தார். “பஸ் பாட்டுல அந்த ஒரு இடத்துல மூச்சு வாங்குது, நிறுத்திடறேன். அத ஸ்டைல்னு நெனச்சுக்கிட்டு உன் புருஷன் கண்ணு கலங்குறான்.”

இதை அப்படியே சொன்னேன். ஆரம்பத்தில் அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்பதையும் சொன்னேன். இளையவள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தப் பாட்டைக் கேட்டால் கையைக் காலை உதைத்துக் குதிப்பாள். இப்போது வாசிக்கிற வேகத்தில் கேட்டால் எந்தக் குழந்தையும் தூங்கிவிடும். “நீங்க அவரோட பாட்டைக் காப்பாத்தல, அவரோட வியாதியைக் காப்பாத்திக்கிட்டிருக்கீங்க” என்றேன். கோபத்தில் வந்துவிட்ட வார்த்தை.

“நெசமாவா அக்கா?” என்றார் டிரம்ஸ்காரர் மெதுவாக.

என் கணவர் எழுந்துவிட்டார். “உனக்கு மியூசிக் பத்தி என்ன தெரியும்?”

“மியூசிக் தெரியாது. மூச்சு வாங்குறது தெரியும்.”

“இசைத்தட்டுல வேகமாத்தானே இருக்கு?” என்று நான் கேட்டதற்கு, அது ரெக்கார்டிங் கம்பெனிக்காரன் நேரமில்லை என்று விரட்டியதால் வந்த வேகம், அவருடைய அசல் பாட்டு கடைசி வருடத்தில்தான் வந்தது என்றார். டிரம்மை மூட்டை கட்டினார்கள். யாரும் சாப்பிடவில்லை. செய்து வைத்த குழம்பு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் யாரும் வரவில்லை. எத்தனை வருடம் நான் கேட்ட அமைதி! ஆனால் அந்த அமைதிக்குள் என் கணவர் இருந்தார். மனிதர் சும்மா இருந்தால் பரவாயில்லை. மின்விசிறியைக் கழற்றினார். என் மசாலா டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி வைத்தார். சீரகத்தை எங்கே வைத்தாய் என்று என்னையே கேட்டார். “இவ்ளோ அரிசியா ஊற வைக்கறது?” என்று பின்னால் வந்து நின்றார். இதற்கு அந்த இரும்புத் துண்டே தேவலை என்று தோன்றிவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் எனக்குத்தான் இடி.

ஒரு நாள் டாக்சிக்காரர் தனியாக வந்தார். கையில் கிட்டார் இருந்தது. முருகன் கோயிலிலிருந்து நேராக வந்திருப்பார் போல, நெற்றியில் திருநீறு.

“அண்ணே, அண்ணி சொன்னது சரிதான்” என்றார் நின்றுகொண்டே. “நானும் யோசிச்சுப் பாத்தேன். அப்பல்லாம் பஸ் பாட்டு வாசிச்சா என் விரல் எரியும். கடைசி வருஷம் எரியவே இல்ல. அவருக்காக நான் காத்துக்கிட்டே வாசிச்சிருக்கேன். அத நானே கவனிக்கல.”

என் கணவர் எழுந்து போய் என் மசாலா டப்பாக்களை மறுபடி அடுக்கினார். ஆனால் அடுத்த ஞாயிறு டிரம் பெட்டிகள் வந்துவிட்டன. பழைய வேகத்தில் வாசித்துப் பார்க்கலாம் என்றார்கள். இசைத்தட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டார்கள். தொடங்கினார்கள்.

எனக்கு அன்றைக்கு ஜெயித்துவிட்ட மிதப்பு. அது அரைப் பாட்டுக்கூட நிலைக்கவில்லை. டிரம்ஸ்காரருக்கு இரண்டாவது கண்ணியிலேயே மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. என் கணவரின் இரும்புத் துண்டு போக வேண்டிய இடத்துக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தது. டாக்சிக்காரர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். மறுபடி தொடங்கினார்கள். மறுபடி தடுக்கியது. எதிரே மூன்று பேரும் வேர்த்து வழிந்து நிற்கிறார்கள். அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். டிரம்ஸ்காரருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என் கணவர் இரும்புத் துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீவிக்கொண்டார்.

“அவருக்கு மூச்சு வாங்கிச்சு” என்றார் என் கணவர். “எங்களுக்குக் கை வாங்குது. இப்ப திருப்தியா உனக்கு?”

தேநீர் போடப் போனேன். பாடகர் நோயில் பிடித்த வேகத்துக்கு இவர்கள் வயதாகி வந்து சேர்ந்துவிட்டார்கள். மெதுவாக வாசித்தால் அவர் செத்துக்கொண்டிருந்த பாட்டு. வேகமாக வாசித்தால் இவர்களால் ஆகாத பாட்டு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த வம்பே இருந்திருக்காது. இல்லை, அப்படியும் சொல்ல முடியாது. நிறுத்தம் நீண்டுகொண்டுதானே போனது?

அந்தச் சமயத்தில்தான் பாடகரின் மனைவி தன் மகளின் கல்யாணத்துக்கு வந்து அழைத்தார். விருந்து கோயில் மண்டபத்தில். “அவரோட பாட்டு ஒண்ணாவது வாசிங்கய்யா. பஸ் பாட்டே வாசிங்க” என்றார். எந்த வேகத்தில் என்று கேட்க இவர்களுக்குத் தைரியம் வரவில்லை. நான் கேட்கிறேன் என்றதற்கு மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

அன்று மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் டாக்சியில் சண்டை. முன்சீட்டில் என் கணவர், பின்னால் நானும் டிரம்ஸ்காரரும், எங்கள் மடியில் ஆளுக்கொரு டிரம். மெதுவாகத்தான் என்றார் கணவர். வேகமாகத்தான் என்றார் டாக்சிக்காரர், ஸ்டியரிங்கை விட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு. “ரோட்டைப் பாருய்யா!” என்று நான் கத்தினேன். “நடுவுல ஒரு வேகம் இருக்கு லா” என்றார் டிரம்ஸ்காரர். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

மேடையில் எந்த முடிவுக்கும் வராமலே தொடங்கினார்கள். டிரம்ஸ்காரர் தானாகவே ஒரு வேகத்தை அடித்தார். பழையதும் இல்லை, கடைசி வருடத்ததும் இல்லை, அன்று அவர் மணிக்கட்டு தாங்கிய வேகம். மற்ற இருவரும் வேறு வழியில்லாமல் அதில் ஏறிக்கொண்டார்கள். கல்யாணப் பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள். ஆடத் தொடங்கினாள், மாப்பிள்ளைக்கு ஆடத் தெரியவில்லை, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி பஸ் வரி வந்தது. என் கணவர் பழக்கத்தில் கையைத் தூக்கினார். மற்ற இருவரும் நிற்கவில்லை. அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு குதித்து விழுந்தடித்து அவர்களைப் பிடித்தார். பாட்டு முடியும்வரை அவர் முகத்தில் கொலைவெறி.

அத்தனை பாடுபட்டதை யார் கவனித்தார்கள் என்கிறீர்கள்? பாதிப் பேர் பிரியாணிக்கு வரிசையில் நின்றார்கள். வேகத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. பாடகரின் மனைவி மட்டும் மேடைக்குப் பக்கத்தில் வந்தார். என் கணவர் தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல எழுந்து நின்றார்.

“நல்லா இருந்துச்சுய்யா” என்றார் அந்த அம்மாள். “ஆனா வீட்ல அவரு இதப் பாடவே மாட்டாரு. கேட்டா, பாடிப் பாடிச் சலிச்சுப்போச்சுன்னு சொல்லுவாரு. சரி, சாப்பிட்டீங்களா எல்லாரும்?”

என் கணவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். டிரம்ஸ்காரர் சிரிக்கத் தொடங்கினார். டாக்சிக்காரரும். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதன் பிறகு ஒருவழியாக அந்த நடு வேகமே நிலைத்தது. யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என் கணவரைக் கேட்டால், கடைசி வருடத்து வேகம்தான் என்பார். டாக்சிக்காரரைக் கேட்டால் இசைத்தட்டு வேகம்தான் என்பார். எண்பதுகளில் லவுஞ்ச் கைமாறியது. புது முதலாளி, பொத்தானை அழுத்தினால் தானாகத் தாளம் போடும் ஆர்கன் ஒன்றை வாங்கி வைத்து, ஒரே ஆளை வைத்து நடத்திக்கொண்டார். சனிக்கிழமை போயிற்று. கல்யாணங்களும் கோயில் திருவிழா விருந்துகளும் தொடர்ந்து வந்தன. குஞ்சச் சட்டைகள் வயிற்றில் பூட்டாமல் போனதால் அவற்றிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்தது.

பிறகு டிரம்ஸ்காரர் அங் மோ கியோவில் பெரிய வீடு வாங்கினார். டிரம்மைத் தூக்கிக்கொண்டு அலைய இனி முடியாது, பயிற்சியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. முதல் ஞாயிறு கணவரை அனுப்பிவிட்டுக் கூடத்தில் காலை நீட்டிப் படுத்தேன். மதியம் தொலைபேசி அடித்தது. டிரம்ஸ்காரரின் மனைவி. என்னோடு மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவாள். பின்னால் ஸ்டீல் கிட்டார் அழுதுகொண்டிருந்தது. இதை எப்படி இத்தனை வருடம் தாங்கினீர்கள் என்று கேட்டாள். அதோடு மூன்று பேரும் எதற்கோ கத்திக்கொண்டிருக்கிறார்களே, என்ன அது என்றாள்.

“பாட்டோட வேகம்” என்றேன்.

எது சரியான வேகம் என்று கேட்டாள்.

“நீ அதுல மட்டும் தலையிடாதே. நான் தலையிட்டுப் பட்டதே போதும்.”

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள்.